அந்த வளைவில் நான் இருந்தேன்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று முதல் வரியை எழுதச் சொன்னேன். உன் அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்க்கிறாள். "சுகம்னு சொல்றதுக்கு என்னாத்துக்குக் கடுதாசி? அதை போன்லயே சொல்லிறலாமே" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். அதனால் அந்த வரியை விட்டுவிட்டோம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பானையில் சோறு இருக்கிறது, போன மழைக்குக் கூரைத் தகரம் ஒழுகவில்லை. மற்றதைக் கீழே சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவள். நான் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனதே தபால் பையோடுதான். காலையில் கொட்டகலைக்கு இறங்கி, பையை வாங்கிக்கொண்டு திரும்ப மலையேறி, தோட்டத்து ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். ஒரு எழுத்தும் தெரியாமல் ஊர்ப்பட்ட சேதியை முதுகில் சுமந்திருக்கிறேன். கல்யாணச் சேதியும் இருக்கும், சாவுச் சேதியும் இருக்கும். கனம் என்னவோ ஒன்றுதான். நானாக ஒருவருக்குக் கடிதம் போடுவது இதுதான் முதல் தடவை.

நீ அடுத்த மாதம் நியூசிலாந்துக்குப் போகிறாய். அந்தப் பேரை எழுதவே அம்மா இரண்டு தடவை அடித்துத் திருத்திவிட்டாள். போனால் திரும்பி எப்போது என்று நீயும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் நீ போவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்ம தோட்டம் வழியாக நீ ஓடி வந்தாயே, அன்றைக்கு மழை பெய்ததால் நான் பார்க்க வரவில்லை என்று போனில் சொன்னேன். அது பொய் மகன். நான் வந்தேன். வருகிறேன் என்று சொன்ன அதே வளைவில்தான் இருந்தேன், அம்மாவும் இருந்தாள். நீ எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் உன்னைப் பார்க்கவில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து, ஆபீசில் கசுனையும் றிஸ்வானையும் பிடித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் ஓடப் போகிறேன் என்று முதலில் சொன்னபோது எங்களுக்கு அது விளங்கவே இல்லை. யாரிடமிருந்து ஓடுகிறாய் என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். யாரும் துரத்தவில்லை, சும்மா ஓடுகிறோம் என்றாய். நம்ம பக்கத்தில் சும்மா ஓடுகிறவன் யார் இருக்கிறான்? காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் ஓடுவார்கள். லொறி புறப்பட்டுவிட்டால் ஓடுவார்கள். யாருக்காவது முடியாமல் போனால் டிஸ்பென்சரிக்கு ஓடுவார்கள். நானும் வாழ்நாளெல்லாம் ஓடித்தான் இருக்கிறேன், ஆனால் பையை இறக்கி வைத்த பிறகு ஒரு எட்டுகூட ஓடியதில்லை. இப்படி நினைத்துக்கொண்டிருந்தவனை நீ கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாய். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நீ போன் எடுத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் அடிமுதல் நுனிவரை சொல்வாய். நான் வாசல்படியில் உட்கார்ந்து கேட்பேன். அந்த நேரத்துக்கு யார் கூப்பிட்டாலும் போக மாட்டேன். வாசிக்கத் தெரியாதவனுக்குக் காது பெரிசு. நீ சொன்னதில் ஒரு சொல்லையும் நான் கீழே போடவில்லை.

நக்கிள்ஸ் மலைப் பக்கம் நடந்த அந்த முதல் ஓட்டத்தை இப்போதும் உனக்குத் திருப்பிச் சொல்வேன். இருட்டோடு புறப்பட்டு, ஓடை தாண்டி, மானாப்புல் காட்டில் ஏறினீர்கள். அட்டை சப்பாத்துக்குள் போய் இரத்தம் குடித்தது. றிஸ்வான் அட்டையைப் பார்த்துக் கத்தியதில் முன்னால் போனவர்கள் புலி என்று நினைத்தார்கள். இறக்கத்தில் கசுனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நீ நன்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தவன், திரும்பி ஏறிப் போய் அவன் காலை மடியில் வைத்து நீவிவிட்டு, அவனோடு நடந்தே வந்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு முடிவுக் கோட்டைத் தாண்டினாய். கசுன் உன்னைத் திட்டினானாம், நீ போயிருந்தால் மெடல் வாங்கியிருப்பாய் என்று. நீ அதைச் சொல்லிவிட்டு, "நான் செஞ்சது சரிதானப்பா?" என்று கேட்டாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். ஆனால் அன்றைக்கு லயத்தில் ஒரு வீடு விடாமல் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். உனக்கு அறிவுரை சொல்வதென்றால் அதுதான் ஒன்று. புது ஊரிலும் கூட ஓட ஒருத்தனைத் தேடிக்கொள். அவன் வேகமாக ஓடுகிறவனாக இருக்க வேண்டியதில்லை. நீ நின்றால் அவன் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கிழக்குக் கடலில் அந்த மூன்று வேலைப் போட்டி. முதலில் கடலில் நீந்தி, பிறகு சைக்கிள் மிதித்து, பிறகு ஓட வேண்டுமாம், இடையில் உட்காரவும் கூடாதாம். வளர்ந்த பிறகு நீச்சல் பழகிய மலைக்காரன் நீ. கடலோரத்தில் பிறந்த றிஸ்வான் உன்னைக் கழுத்தைப் பிடித்துத் தண்ணிக்குள் தள்ளிப் பழக்கியதையும், நீ குடித்த உப்புத்தண்ணிக்கு ஒரு வருஷத்துக்குக் கறி சமைக்கலாம் என்று அவன் நக்கல் அடித்ததையும் நீ சொல்லும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. "தலையைத் தொவட்டிக்கிட்டாவது சைக்கிள்ல ஏறக் கூடாதா? ஈரத்தலையோட காத்துல போனா என்னாத்துக்கு ஆகும்?" இப்போது இதைச் சொல்லி எழுதச் சொன்னால், நான் கேட்டது சரிதானே என்று எழுதாமல் என்னோடு சண்டைக்கு நிற்கிறாள்.

நீ ஓடுகிறாய் என்பதே எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. நீ சின்னவனாக இருந்தபோது லயத்தில் தண்ணி ஓடுகிற கானில் விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பியும் கால் நேராகவில்லை. கீழே சிங்களக் கிராமத்தில் எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்த பெரியவரிடம் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். தபால் போகிற குறுக்கு வழியில்தான் போனேன், அதைவிட்டால் எனக்கு வேறு வழி தெரியாது. அவர் எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டினார். நடப்பான், ஓட மாட்டான் என்று சிங்களத்தில் சொன்னார். உனக்கு அப்போது அந்தப் பாஷை விளங்காது, நானும் உனக்கு அதைச் சொல்லவில்லை. கால் ஆறிய பிறகும் இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பித்தான் விழுந்தது. வலது கால் 'டக்' என்று விழும், இடது கால் 'டடக்' என்று இழுத்துக்கொண்டு விழும். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டே அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பாள். நீ கொழும்புக்குப் போன பிறகு வீட்டில் குறைந்தது முதலில் அந்தச் சத்தம்தான்.

அதனால்தான், இந்த வருஷ ஓட்டங்களில் ஒன்று லிந்துலைப் பக்கம் தொடங்கி நம்ம தோட்டத்துக்குள் வந்து கொட்டகலையில் முடியப்போகிறது என்று நீ சொன்ன அன்று, நான் சரியாகச் சாப்பிடவில்லை. நீ ஓடி நான் பார்த்ததே இல்லை. சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். றோட்டு வழியாக வருகிறீர்கள் என்றாய். அப்படியென்றால் டர்பன்டைன் மரக் காட்டுக்குக் கீழே, குறுக்குப் பாதையும் றோட்டும் சேருகிற வளைவில் நிற்கிறேன் என்றேன். அந்த வளைவில்தான் நான் தபால் பையைக் கல்மேல் வைத்து மூச்சு வாங்குவேன். "சரிப்பா, அங்க பாக்குறேன், கையாட்டுங்க" என்றாய். ஓடி முடித்ததும் கொட்டகலையிலிருந்து வேனில் வீட்டுக்கு வருகிறோம், மூன்று பேருக்கும் சோறு ஆக்கி வையுங்கள் என்றும் சொன்னாய். அதன் பிறகு தோட்டத்தில் என் வாயை யாராலும் மூட முடியவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் சொன்னேன். ரொட்டிக் கடையில் சொன்னேன். கங்காணியிடம், ஓடி வருகிற பிள்ளைகளுக்கு வழிவிடச் சொல்லுங்கள் என்று நானே உத்தரவு போடுகிற மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் கொழுந்து நன்றாக வந்திருந்ததால் கைக்காசு போட்டிருந்தார்கள். லீவு நாளில் அன்றைய கூலிக்கு அன்றைக்கே காசு என்பதால் பெண்கள் எல்லாரும் மலையில் நின்றார்கள். நம்ம பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா வளைவுக்கு மேலே இருந்த தேயிலை நிரையில் நின்றாள். தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. அம்மா தன் பழைய படங்கை எடுத்து வந்திருந்தாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்வாளே, அந்தக் கனத்த சாக்கு. அதை இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு றோட்டைப் பார்த்தபடி நின்றோம். பிளாஸ்கில் இஞ்சி போட்ட தேத்தண்ணி, ஒரு பொட்டலத்தில் ரொட்டியும் கட்டச்சம்பலும். ஓடுகிறவன் எப்படித் தின்பான் என்று கேட்டேன். "ஓடிக்கிட்டே திங்கட்டும். கைதானே சும்மா இருக்கு" என்றாள்.

நாங்கள் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் கீழே றோட்டில் மண் சரிந்து கிடந்ததால், விடியற்காலையிலேயே உங்கள் வழியை மாற்றிக் காட்டுக்குள் விட்டுவிட்டார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. திடீரென்று எங்கள் முதுகுப் பக்கம், டர்பன்டைன் காட்டுக்குள்ளிருந்து நாலைந்து பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமாக ஓடி வந்தார்கள். மலையில் நின்ற பெண்களைப் பார்த்த சந்தோஷத்தில், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசி வீசி ஆட்டினார்கள். கொழும்புப் பிள்ளைகள், கையாட்டினால் இவர்களும் கையாட்டுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நம்ம மலையில் காட்டுக்குள்ளிருந்து ஒருவன் தலைக்கு மேலே கையை வீசிக்கொண்டு ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த மரங்களில் எங்கெங்கே கூடு தொங்குகிறது என்று பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ராக்கம்மா அக்கா கூடையை வீசிவிட்டு, "குளவிடி! படுங்கடி!" என்று ஒரு சத்தம் போட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் மலையில் ஒரு தலை இல்லை. எல்லாரும் தேயிலைக்கு அடியிலும் கானுக்குள்ளும் குப்புறப் படுத்துப் படங்கை இழுத்து மூடிக்கொண்டார்கள். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் றோட்டோரக் கானுக்குள், ஒரே படங்குக்கு அடியில், முகத்தை மண்ணில் வைத்துக் கிடந்தோம்.

நீ சிரிப்பாய். சிரி. ஆனால் உன் அத்தையை நீ பார்த்ததில்லை. என் அக்கா, அதே காட்டுக்கு மேலே, தேயிலை வெட்டுகிற கவ்வாத்து மலையில் நின்றபோதுதான் குளவி கலைந்து கொட்டியது. அவள் படுக்காமல் ஓடினாள். நான் தபால் பையோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தேன், அவளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். அதற்குமேல் அதைச் சொல்ல வேண்டாம். குளவி என்ற சத்தம் கேட்டால் எனக்குக் கைகால் என் பேச்சைக் கேட்காது, அம்மாவுக்கும் அது தெரியும்.

காதை மண்ணோடு வைத்துக் கிடந்தபோது ஒவ்வொரு கூட்டமாக ஓடி வருவது கேட்டது. சேற்றில் சப்பாத்துச் சத்தம். இந்தப் பிள்ளைகளையெல்லாம் குளவி துரத்துகிறது என்றே நினைத்தேன். என்னைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு காலுக்கும் மாடசாமியை வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் கேட்டது. டக், டடக். டக், டடக். நீ பெரிய ஆளாகிவிட்டாய், கனத்துவிட்டாய், புது மாதிரிச் சப்பாத்துப் போட்டிருக்கிறாய். இருந்தாலும் இடது கால் அதே மாதிரிதான் விழுந்தது. ஓட மாட்டான் என்று அந்தப் பெரியவர் சொன்ன கால். அது ஓடி வந்தது மகன், அவ்வளவு வேகமாக ஓடி வந்தது. நான் தலையைத் தூக்கினேன். அம்மா பிடரியில் கையை வைத்து அமுக்கினாள்.

"எந்திரிக்காதீங்க."

"எம் மகன், புள்ள. படங்கை அவன் மேல போடணும், விடு."

"அவன் ஓடத் தெரிஞ்சவன். அவன் போகட்டும், நீங்க இருங்க."

நீ போகவில்லை. வளைவுக்கு வந்ததும் உன் கால் நின்றுவிட்டது. நான் சொன்ன இடம் அதுதானே, நீ என்னைத் தேடி நின்றாய்; பனிமூட்டத்தில் நிற்கிற ஆளைத் தேடியவனுக்குக் கானுக்குள் கிடந்த சாக்கு தெரியவில்லை. என் கையை நீட்டியிருந்தால் உன் சப்பாத்தைத் தொட்டிருப்பேன். நீ மூச்சு வாங்குவது கேட்டது. சின்ன வயசில் தூக்கத்தில் வாங்குவாயே, அதே மூச்சு. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை தெரியுமா? என் குரலைக் கேட்டால் நீ அங்கேயே நிற்பாய், குனிந்து படங்கைத் தூக்குவாய், குளவி உன்னைக் கொட்டிவிடும் என்று நினைத்தேன். வருஷக்கணக்காக நீ ஓடுவதைப் பார்க்க ஏங்கிக் கிடந்தவன், நீ என் பக்கத்தில் வந்து நின்ற நேரத்தில், போய்விடு, நிற்காதே, போய்விடு என்று மண்ணுக்குள் வாயை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கசுனின் குரல் கேட்டது. "யமு மச்சாங்." போகலாம் என்றான். டக், டடக். நீ போய்விட்டாய்.

நல்ல நேரம் கழித்து ஒரு பிள்ளை தனியாக நொண்டிக்கொண்டு வந்தது, கொழும்புச் சிங்களப் பிள்ளை. கானுக்குள் வரிசையாகச் சாக்குகள் கிடப்பதையும் சாக்குக்கு அடியில் கால்கள் தெரிவதையும் பார்த்து அது பயந்துபோனது. "அம்மே, மொகத உனே?" என்ன நடந்தது என்று அழுகிற குரலில் கேட்டது. ராக்கம்மா அக்கா ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுப் பார்த்தாள். குளவியும் இல்லை, ஒன்றும் இல்லை. மலையே சிரித்தது மகன். கூடையில் இருந்த கொழுந்து கொட்டக் கொட்டச் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று கீழே போகிற பாதையைப் பார்த்தேன். பனிமூட்டம்தான் இருந்தது. சேற்றில் உன் இடது பாதம் வெளியே திரும்பிப் பதிந்திருந்த தடத்தில் தண்ணி நிறைந்துகொண்டிருந்தது. அம்மா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தாள். பசியோடு வந்திருக்கும் போலிருக்கிறது, நின்றபடியே தின்றது. உறைப்பில் அதற்கும் கண்ணில் தண்ணி வந்தது, அம்மாவுக்கும் வந்தது. அம்மா இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே கதை லயத்துக்கு வந்துவிட்டது. மகன் ஓடுவதைப் பார்க்கப் போன தபால்காரர் கானைப் பார்த்துவிட்டு வந்தார் என்று வாசலுக்கு வாசல் சொல்லிச் சிரித்தார்கள். இத்தனை நாள் நான் அளந்த பெருமைக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உன் போன் வந்தது. "அப்பா, வரலையா?" என்று கேட்டாய். சுற்றி ஆட்கள், அதற்குள் எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். கானுக்குள் கிடந்தேன் என்று மகனிடம் எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "மழையா இருந்துச்சு, வரல."

 "மழைக்காப்பா?" என்று மட்டும் கேட்டாய்.

அந்த ஒரு சொல்லை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எந்த மழைக்கும் தபால் நின்றதில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன். மண் சரிந்து ரயில் நின்ற வருஷத்தில்கூடக் கழுத்தளவு தண்ணியில் பையைத் தலையில் வைத்துக் கொண்டுவந்த கதையை நீ தூங்குவதற்குக் கேட்பாய். ஊரார் கடிதத்துக்கு மழையில் நனைந்தவன், மகனுக்கு நனைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்றாய். மழை வலுக்கிறது, வேன்காரர் இப்போதே மலை இறங்க வேண்டும் என்கிறார், வீட்டுக்கு வர நேரமில்லை, பிறகு வருகிறேன் என்றாய். மூன்று பேருக்கு ஆக்கிய சோற்றை அம்மா ராக்கம்மா அக்கா வீட்டுக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுக்காமல் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாய், மருந்து எடுத்தீங்களா என்று கேட்கிறாய், காசு போட்டிருக்கிறேன் என்கிறாய். ஓட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நானாகக் கேட்டால், "ஓடுறேன்பா, அப்படியே போகுது" என்கிறாய். வருஷத்தின் கடைசிப் போட்டியும் கடலில்தான் நடந்தது என்று கசுன் சொல்லித்தான் தெரியும். போன வாரம் அவனாகப் போன் எடுத்தான், நீ வெளிநாடு போவதற்கு முன் எங்களைப் பார்க்க வரவா என்று கேட்க. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மெதுவாகக் கேட்டுக் கேட்டு அவனிடமிருந்து பிடுங்கினேன். இந்தத் தடவை நீ தண்ணியிலிருந்து றிஸ்வானுக்கு முன்னால் வெளியே வந்தாயாம். கடைசி ஓட்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்தும் ஒரு இடத்திலும் நடக்கவில்லையாம். முடித்த பிறகு மணலில் தனியாகப் போய் உட்கார்ந்து, போனை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் போட்டுவிட்டாயாம். அவன் அதைச் சும்மா போகிற போக்கில் சொன்னான். அந்தப் போன் யாருக்கு வந்திருக்க வேண்டியது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் வாசல்படியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை மீட்டிங் என்றாய், ஒரு தடவை விசா ஆபீசில் வரிசையில் நிற்கிறேன் என்றாய். அம்மாவைச் சொல்லச் சொன்னால், தலையை அமுக்கியது அவள் என்பதால் அவளுக்கும் தயக்கம். கடிதம் என்றால் அவசரம் இல்லை. உனக்கு நேரம் கிடைக்கும்போது வாசிப்பாய். பாதியில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு நாளைக்கு வாசிப்பாய்.

போகிற ஊரிலும் மலை இருக்கிறது, ஓட நல்ல பாதை இருக்கிறது என்று படத்தில் காட்டினாய். சந்தோஷம். ஏற்றத்தில் அவசரப்படு, குற்றமில்லை. இறக்கத்தில் அவசரப்படாதே, முழங்கால் போவது அங்கேதான், என் முழங்காலைக் கேட்டால் அது சொல்லும். தெரியாத காட்டுக்குள் தனியாகப் போகாதே. தண்ணியிலிருந்து எழுந்தால் தலையைத் துவட்டு என்று அம்மா தானாகவே சேர்த்துக்கொள்கிறாள். எங்கே ஓடினாலும், ஓடி முடித்த பிறகு யாருக்காவது அதைச் சொல். எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. ஆனால் எனக்குச் சொன்னால் நான் வைத்துக்கொள்வேன், ஒன்றையும் தொலைக்க மாட்டேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். போவதற்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வா. கசுனும் றிஸ்வானும் வரட்டும், சோறு பாக்கி இருக்கிறது. அன்றைக்குப் போட்டி வேண்டாம், மெடல் வேண்டாம், நெஞ்சில் நம்பர் வேண்டாம். டர்பன்டைன் காட்டு மேட்டிலிருந்து வளைவு வரைக்கும் எனக்காக ஒரு தடவை ஓடு. அவ்வளவு தூரம்தான், நீ ஓடுகிற தூரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. பெண்களிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். ராக்கம்மா அக்கா மட்டும், தம்பி வந்தால் நான் மறுபடி படுப்பேன், அந்த மாதிரி ஓய்வு எனக்கு வேறு என்றைக்குக் கிடைத்தது என்கிறாள். அவளை விடு. மழை பெய்தாலும் வருவேன். அம்மா படங்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், றோட்டைப் பார்க்காமல் காட்டைப் பார்த்தபடி நிற்பேன்.

நீ கையை மட்டும் ஆட்டாதே மகன். கையை நான் ஆட்டுகிறேன்.

உன் அப்பா
(எழுதியது அம்மா)